வின்ஸ்லோவின் லா போசாதா: தங்கியும் தின்றும் பார்த்தவன் சொல்வது

அரிசோனாவுக்கு வருகிற நம்மவர்கள் கிராண்ட் கேன்யனைப் பார்த்துவிட்டு, பிளாக்ஸ்டாப்பில் ஏதாவதொரு நெடுஞ்சாலை விடுதியில் படுத்தெழுந்து, மறுநாள் காலை விண்கல் பள்ளத்தை எட்டிப் பார்த்து, மதியத்துக்குள் கல்மரக் காட்டுக்கு ஓடிவிடுவார்கள். அந்தப் பள்ளத்துக்கும் காட்டுக்கும் நடுவில்தான் வின்ஸ்லோ இருக்கிறது. பெரும்பாலோர் அங்கே பெட்ரோல் போடுவதோடு சரி. இன்னும் சிலர், எழுபதுகளின் ஒரு பாட்டில் ஊர்ப் பெயர் வருகிறது என்பதற்காகத் தெருமுனைச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். சிலையிலிருந்து கிழக்கே சில நிமிடம் நடந்தால் லா போசாதா என்ற பழைய விடுதி. ஃபீனிக்ஸ் பக்கம் குடியேறிய நாளிலிருந்து, வெயில் தாங்காமல் வடக்கே போக வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் நாங்கள் போகும் இடம் அது. பேசன் வழியாக 87ஆம் எண் சாலையில் பைன் காடுகளுக்குள் ஏறி, மறுபுறம் மொட்டை வெளியில் இறங்கினால் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த விடுதி சாலையைப் பார்த்துக் கட்டப்பட்டது அல்ல, ரயிலைப் பார்த்துக் கட்டப்பட்டது. காரில் வருகிறவர்கள் வடக்கே, பழைய 66ஆம் எண் சாலைப் பக்கமாக நுழைகிறார்கள். அது உண்மையில் பின்வாசல். கட்டியவர்கள் நினைத்த முகப்பு தெற்கே, தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. 1930 மே மாதம் திறந்தபோது சிகாகோவிலிருந்தும் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்தும் வந்தவர்கள் நடைமேடையில் இறங்கி, புல்வெளியைக் கடந்து நேரே கூடத்துக்குள் நுழைந்தார்கள். போனால் ஒரு தடவையாவது அந்தப் பக்கமாக நடந்து உள்ளே வாருங்கள். கட்டடம் அப்போதுதான் பிடிபடும்.

இதைக் கட்டியது ஃபிரெட் ஹார்வி கம்பெனி. ஹார்வி இங்கிலாந்திலிருந்து பதின்ம வயதில் அமெரிக்கா வந்தவர். அந்தக் காலத்து ரயில் நிலையச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது. 1876இல் டொபீகா நிலையத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையை எடுத்து நடத்தத் தொடங்கியவர், சாண்டா ஃபே ரயில் பாதை நெடுகிலும் உணவகங்களும் விடுதிகளுமாகப் பெருக்கிவிட்டார். யார் என்ன சாப்பிடப்போகிறார்கள் என்று ரயிலிலேயே கேட்டு, முன்கூட்டியே தந்தி அடித்துவிடுவார்கள். வண்டி நின்று கிளம்புவதற்குள் துணி விரித்த மேசையில் சுடச்சுடச் சாப்பிட்டு முடிக்கலாம். பரிமாற வெள்ளை ஏப்ரன் கட்டிய இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஹார்வி பெண்கள் என்ற பெயர் அமெரிக்க மேற்கின் வரலாற்றிலேயே நின்றுவிட்டது. ஹார்வி 1901இல் இறந்தார். கம்பெனியை மகன்கள் நடத்தினார்கள்.

கட்டட வடிவமைப்பு மேரி கோல்ட்டருடையது. கிராண்ட் கேன்யன் விளிம்பில் ஹோப்பி ஹவுஸ் என்ற கட்டடத்தையும் பின்னாளில் ஒரு கல் கோபுரத்தையும் வடிவமைத்தவரும் இவரே. லா போசாதாவுக்காக அவர் ஒரு கதையே இட்டுக்கட்டினார். ஸ்பானியப் பண்ணையார் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக இந்த வீட்டில் வாழ்கிறது, தோன்றியபோதெல்லாம் ஒரு அறை, ஒரு தாழ்வாரம் என்று கூட்டிக் கட்டுகிறது, கடைசியில் வீடு விடுதியாகிறது. அந்தப் பொய்க் கதைக்கு ஏற்ப மட்டங்கள் மாறுகின்றன, வளைவுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, நேராகப் போகும் நடை திடீரென இரண்டு படி இறங்குகிறது. நாற்காலி, விளக்கு, பணிப்பெண்களின் உடை வரை எல்லாம் அவர் முடிவு செய்தவை. குந்தியிருக்கும் காட்டு முயல் வடிவில் சாம்பல் தட்டு ஒன்றைக்கூட வடிவமைத்திருக்கிறார். தன் படைப்புகளிலேயே இதைத்தான் தலைசிறந்தது என்று அவர் கருதினார்.

காலம் சாதகமாக இல்லை. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது, அடுத்த மே மாதம் விடுதி திறந்தது. மக்கள் காருக்கும் விமானத்துக்கும் மாறினார்கள். 1957இல் மூடிவிட்டார்கள். சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். பிறகு ரயில்வே இதை அலுவலகமாக்கிக்கொண்டு, வேலைப்பாடுள்ள கூரையை மறைத்துப் பொய்க்கூரை அடித்து, கூடங்களைத் தடுத்து அறைகளாக்கியது. ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்தி 1997இல் ஆலன் அஃபெல்ட் வாங்கினார். அவரும் மனைவி டினா மியோனும் அங்கேயே குடியேறி, பாதி இடிபாட்டுக்கு நடுவில் விருந்தினரையும் ஏற்றுக்கொண்டு, வருகிற காசில் அறை அறையாகச் சரிசெய்தார்கள். மியோன் ஓவியர். அமெரிக்க அதிபர்களின் மனைவியரை அவர் வரைந்திருக்கும் படங்கள் மாடியில் இருக்கின்றன. அவற்றில் சிரிப்பும் இருக்கிறது, கொஞ்சம் விஷமும் இருக்கிறது. எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது.

அறைகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் ஒரு விதம். இங்கே தங்கிய பிரபலங்களின் பெயரைக் கதவில் பார்க்கலாம். அறையில் தொலைபேசி கிடையாது. இரவு முழுவதும் சரக்கு ரயில்கள் போகும், ஏனென்றால் இது சிகாகோவையும் கலிபோர்னியாவையும் இணைக்கும் முதன்மைப் பாதை. இரட்டை அடுக்குக் கண்டெய்னர்கள் மைல் நீளத்துக்குப் போகும். தூக்கம் மெல்லியதாக உள்ளவர்கள் சாலைப் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். எனக்கு அந்த ஓசை தாலாட்டு. விழுப்புரம் ஜங்ஷன் அருகே வளர்ந்தவனுக்கு வேறெப்படி இருக்கும்?

இனி சாப்பாடு. விடுதிக்குள்ளேயே இருக்கும் டர்க்காய்ஸ் ரூம் உணவகத்தை 2000இல் தொடங்கியவர் ஜான் ஷார்ப், அவரும் இங்கிலாந்துக்காரர். ஹார்வியின் ஊர்க்காரர் நூற்றாண்டு கழித்து வந்து அதே அடுப்பைப் பற்றவைத்தார் என்பதில் எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு. 1951இல் சூப்பர் சீஃப் ரயிலில் இருந்த தனி விருந்து அறையின் பெயரைத்தான் உணவகத்துக்கு வைத்தார்கள். அமெரிக்கச் சமையல்காரர்களுக்கான பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதின் பரிந்துரைப் பட்டியலில் ஷார்ப் இடம்பெற்ற பிறகு, சாப்பிடுவதற்காகவே ஃபீனிக்ஸிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர் விலகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அவர் போட்ட கோடு அழியவில்லை: எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறோமோ அந்த மண்ணில் விளைந்ததைச் சமைப்பது.

அவர் பெயர் சொல்லும் சூப்பிலிருந்து தொடங்குங்கள். கறுப்பு பீன்ஸ் சூப் ஒன்று, மக்காச்சோளப் பாலேட்டு சூப் ஒன்று. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் இருபுறமிருந்தும் ஒரே வேகத்தில் ஊற்றுவார்கள். பாதி கறுப்பும் பாதி மஞ்சளுமாகப் பிரிந்து நிற்கும், ஒன்றோடொன்று கலக்காது. இரண்டின் கெட்டித்தன்மையும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். ஒன்று நீர்த்திருந்தால் மற்றது அதற்குள் வழிந்துவிடும். மேலே சிவப்பு மிளகாய்ச் சாந்தில் கையெழுத்துப் போல ஒரு கீற்று. கோட்டின் மேலேயே கரண்டியைப் போட்டு இரண்டையும் சேர்த்து எடுங்கள். சைவம் மட்டும் உண்பவர்கள், சூப்பின் அடித்தளச் சாறு எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பிக்கி கிடைக்கும் நாளில் விடாதீர்கள். வின்ஸ்லோவுக்கு வடக்கே, மேசா எனப்படும் மேட்டு நிலங்களில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்களின் பண்டம் அது. நீலச் சோள மாவைத் தண்ணீரில் கரைத்து, அதில் புதர்ச் சாம்பல் கலந்த நீரைச் சேர்க்கிறார்கள். சாம்பலின் காரத்தன்மை பட்டால்தான் நீலம் நிலைக்கும். மெருகேறிய தட்டைக் கல்லைத் தீயில் காயவைத்து, வித்து எண்ணெய் தடவி, வெறும் கையால் மாவை அள்ளி ஒரே வீச்சில் தேய்க்கிறார்கள். கரண்டி கிடையாது, விரல்தான். கண்ணிமைக்கும் நேரத்தில் வெந்துவிடும். ஏட்டை உரித்துச் சுருட்டி வைப்பார்கள். நம் ஊர் பேப்பர் ரோஸ்ட்டை நாலில் ஒரு பங்கு மெலிதாக்கியதுபோல் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இருக்காது. கடித்தால் உடையாது, நொறுங்கிப் பொடியாகும். கூடவே டெப்பரி பீன்ஸ் மசியல் வரும். பாலைவனத்தில் ஓரிரு மழையிலேயே காய்த்துவிடும் பயறு அது. லேசாக மண்வாசம் அடிக்கும், கொள்ளு தின்று பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

அசைவக்காரர்களுக்கு ச்சுர்ரோ ஆட்டிறைச்சி. ஸ்பானியர்கள் கொண்டுவந்து, நவஹோ பழங்குடி மக்கள் தமதாக்கிக்கொண்ட செம்மறி ஆடு. மேய்ச்சல் நிலம் அழிகிறது என்று 1930களில் அரசாங்கமே மந்தை மந்தையாகக் கொன்று குவித்தது. எழுபதுகளில் இனமே அற்றுப்போகும் நிலை. 1977இல் லைல் மெக்நீல் என்ற பேராசிரியர், மிஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து நவஹோ ஆட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆனால் விற்க வழியில்லாத ஆட்டை எவர் வளர்ப்பார்? நல்ல விலை கொடுத்து வாங்கி, பட்டியலில் பெயரைப் போட்டுப் பரிமாறும் உணவகம் ஒன்று பக்கத்திலேயே இருப்பதன் அருமை அங்கேதான் தெரியும். கொழுப்பு குறைவு, வீச்சம் இல்லை. சாதாரண அமெரிக்க ஆட்டுக்கறியை முகர்ந்தாலே முகம் சுளிக்கும் என் மாமியார்கூட இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில் சுட்ட பச்சை மிளகாயோடு முட்டையும் மக்காச்சோளக் களியும். அதைச் சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

விலை மலிவு இல்லை. ஒரு இரவு மட்டும் தங்கி ஓடுவதானால் எனக்கு இது வீண் செலவாகத்தான் தெரியும். இரண்டு இரவு இருங்கள். நடுவில் ஒரு பகலை ஹோப்பி மேசாக்களுக்கு ஒதுக்குங்கள். அங்கே கிராமங்களுக்குள் படம் பிடிக்கக் கூடாது, கேமராவைக் காரிலேயே வைத்துவிடுங்கள். கோடையில் இன்னொன்று: அரிசோனா கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றுவதில்லை, நவஹோ நாடு மாற்றுகிறது, அதற்குள் இருக்கும் ஹோப்பி நிலம் மாற்றுவதில்லை. போகிற வழியில் கைபேசியில் நேரம் முன்னும் பின்னும் தாவும். இரவுச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லிவைத்திருந்தால் வின்ஸ்லோ நேரத்தை மட்டும் நம்புங்கள். மேசையை, அறை எடுக்கும்போதே, தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.