மலையகத்திலிருந்து ‘வன் ஸ்டெப் ஃப்ரம் ஈடன்’: டெக் பாதி, இணைப்பு பாதி

கார்ட்களைச் சேர்த்து டெக் (கார்ட் கட்டு) கட்டி, கட்டங்களில் நகர்ந்தபடி மோதும் வீடியோ கேமான ‘வன் ஸ்டெப் ஃப்ரம் ஈடன்’ வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் ஹட்டனில் ஒருவரும் பண்டாரவளையில் ஒருவரும் இருந்துகொண்டு ஒன்லைனில் மோதத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், காசு கட்டுவதற்கு முன் வீட்டு இணைப்பின் அப்லோட் வேகத்தைப் பாருங்கள். வாங்கிய பிறகு, அந்த இணைப்புக்குத் தோதான டெக்கைக் கட்டுங்கள். இந்த கேமில் தோற்பவர்களில் பலர் கார்ட் சரியில்லாமல் தோற்பதில்லை. தங்கள் கைக்கும் லைனுக்கும் ஒத்துவராத கார்ட்களைச் சுமந்துகொண்டு போய்த்தான் தோற்கிறார்கள்.

தோமஸ் மூன் காங் உருவாக்கி, ஹம்பிள் கேம்ஸ் வெளியிட்ட கேம் இது. 2020 மார்ச்சில் கணினிக்கும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. 2001இல் கேம்போய் அட்வான்ஸில் வந்த ‘மெகா மேன் பெட்டில் நெட்வர்க்’ விளையாடியவர்களுக்கு அதன் சாயல் உடனே தெரியும். அதில் ஆளுக்கு மூன்றுக்கு மூன்று கட்டம். நேரத்தோடு ஏறும் கேஜ் நிரம்பியதும் சண்டையை நிறுத்தி, நிதானமாக சிப்களை (அதில் கார்ட்களுக்குப் பதிலானவை) தெரிவுசெய்யலாம். இங்கே ஆளுக்கு நான்குக்கு நான்கு கட்டம். சண்டை எதற்காகவும் நிற்காது. கார்ட் பார்ப்பது, அடி விழப்போகும் கட்டத்திலிருந்து விலகுவது, மானா (கார்ட் எறியச் செலவாகும் சக்தி) எண்ணுவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

டெக் கலக்கப்பட்டு, மேலிருக்கும் இரண்டு கார்ட்கள் இரண்டு பொத்தான்களில் வந்து உட்காரும். ஒன்றை எறிந்தால் அந்த இடத்துக்கு அடுத்தது வரும். ஒவ்வொரு கார்டுக்கும் மானா செலவு உண்டு. மானா நேரம் போகப்போகத் தானாக ஊறும். டெக் தீர்ந்ததும் மறுபடி கலக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் கையில் எதுவும் இருக்காது. ஓடி ஒளிய வேண்டியதுதான். பிடிக்காத இரண்டு கார்ட்கள் வந்து நின்றுவிட்டால், நீங்களாகவே கலக்கும் பொத்தானும் இருக்கிறது. புதியவர்கள் அதை மறந்துவிட்டு, மானா இல்லாத நேரத்தில் பெரிய கார்டைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

டெக்கின் அளவு இங்கேதான் முக்கியமாகிறது. ஒவ்வொரு சண்டை முடிவிலும் புதிய கார்ட் எடுக்கச் சொல்லி கேம் ஆசை காட்டும். எல்லாவற்றையும் எடுத்தால் டெக் பருத்து, நல்ல கார்ட் மறுபடி கைக்கு வர நெடுநேரமாகும். எதையும் எடுக்காமல் சுருக்கமாக வைத்தால், கலக்கும் இடைவெளி அடிக்கடி வரும். பிழைக்கும் வழி செலவைச் சமன்செய்வதில் இருக்கிறது. பெரிய செலவுள்ள ஒரு கார்டுக்கு இரண்டு மூன்று மலிவு கார்ட்களைத் துணைக்கு வையுங்கள். அப்போதுதான் மானா ஊறும் வேகத்தோடு கை சேர்ந்து போகும். கார்டைக் கழிக்கும் வாய்ப்பு கிடைத்தால் முதல் வேலையாக ஆரம்பக் கார்ட்களைக் கழியுங்கள். கார்டை மேம்படுத்தும் வாய்ப்பை, டெக்கில் எப்போதும் இருக்கப்போகும் கார்டுக்கே செலவிடுங்கள். முந்நூற்றிநாலு சீட்டு விளையாடிப் பழகியவர்களுக்கு இந்த இடம் எளிது. எந்த ஜேக் போய்விட்டது, எந்த ஒன்பது இன்னும் வெளியே வரவில்லை என்று மனதுக்குள் எண்ணுவதைப்போலத்தான், இந்தச் சுற்றில் இன்னும் எந்தக் கார்ட் மிச்சம் என்று எண்ண வேண்டும்.

கார்ட்கள் குலம் குலமாகப் பிரிந்திருக்கும். அனிமாவில் நெருப்பு, பனி, மின்னல், ஃபாலங்ஸில் கேடயம், மிசெரியில் நஞ்சு. இரண்டு குலங்களைக் குறித்துவைத்தால் அவற்றின் கார்ட்கள் அதிகம் கண்ணில் படும். இதை முதல் சண்டை முடிந்த கையோடு செய்துவிட வேண்டும். பனியை உதாரணமாக எடுத்தால், எதிராளி மேல் மூன்று பனி அடுக்கு சேர்ந்ததும் அது வெடித்து 150 சேதம் தரும். ஆகவே பனிக் கார்ட் ஒன்றிரண்டு வைப்பதில் பயனில்லை. வைத்தால் சீக்கிரம் மூன்றைத் தொடும் அளவுக்கு வைக்க வேண்டும். கதாபாத்திரத் தெரிவும் அப்படித்தான். சாஃப்ரன் எல்லாவற்றுக்கும் பொது, அவளிடம் தொடங்குங்கள். ரேவா வருகிற தாக்குதலைக் கேடயத்தால் திருப்பிவிடுவாள். ஹேசல் கட்டத்தில் தானாக இயங்கும் கட்டமைப்புகளை நட்டுவிட்டு நகர்வாள். செலிசி பனி.

கட்டத்தையும் கவனியுங்கள். விரிசல் விட்ட கட்டத்தில் ஏறி இறங்கினால் அது உடையும். உடைந்த கட்டத்தில் கால் வைக்க முடியாது. மூலையில் நிற்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். நடு இரண்டு வரிசைகளில் நின்றால் நாலு பக்கமும் விலக வழி உண்டு. அடி விழப்போகும் கட்டம் முன்கூட்டியே மின்னும். எதிரியைப் பார்க்காமல் உங்கள் பக்கத்துப் பதினாறு கட்டங்களையே பார்த்து விளையாடப் பழகுவதுதான் முதல் பெரிய முன்னேற்றம்.

இனி ஒன்லைன். இந்த கேமில் இருவர் சேர்ந்து ஆடவும், இருவர் மோதவும் வசதி உண்டு. ஆனால் இரண்டும் ஒரே திரைக்கு முன் உட்கார்ந்து ஆடுவதற்கானவை. தூரத்திலிருப்பவரோடு ஆட, ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையின் ‘ரிமோட் ப்ளே டுகெதர்’ வசதி வேண்டும். கேம் ஒருவரிடம் இருந்தால் போதும், மற்றவர் வாங்கத் தேவையில்லை. பெரிய வசதிதான், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. கேம், ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்டின் கணினியில்தான் ஓடுகிறது. தூரத்திலிருந்து சேரும் விருந்தாளிக்கு வருவது அதன் வீடியோ. அவர் பொத்தானை அமுக்கினால் அந்தச் செய்தி ஹோஸ்டுக்குப் போய், படம் மாறி, சுருக்கப்பட்டுத் திரும்பி வர வேண்டும். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். 100 மில்லிசெக்கன் தாமதம் என்றால் ஆறு ஃப்ரேம் பின்னால் நிற்கிறீர்கள். ஹோஸ்டுக்குத் தாமதமே இல்லை. எனவே ஹோஸ்ட் வென்ற ஆட்டத்தைத் தனி வெற்றியாக எண்ண முடியாது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஹோஸ்டை மாற்றுங்கள். அதற்கு இருவரிடமும் கேம் இருக்க வேண்டும். முறையாக மோத நினைப்பவர்கள் இருவருமே வாங்குவதுதான் நியாயம்.

வீடியோ போவது ஹோஸ்டின் அப்லோடில். விநாடிக்கு 10 மெகாபிட் வீதம் அனுப்பினால் ஒரு மணித்தியாலத்தில் 4.5 ஜிபி கரையும். அமைப்பில் படத்தின் துல்லியத்தை 720 அளவுக்குக் குறைத்து 5 மெகாபிட்டில் வைத்தால் 2.25 ஜிபி. பிக்சல் ஓவியம் என்பதால் 720 போதும். ஆனால் பிட்ரேட்டை (அந்த மெகாபிட் அளவை) அதற்கும் கீழே இறக்கினால் மின்னும் எச்சரிக்கைக் கட்டங்கள் குழம்பிவிடும். ஃபைபர் உள்ளவர் ஹோஸ்டாக இருக்கட்டும். 4ஜி ரௌட்டரில் இருப்பவர் விருந்தாளியாக இருந்தால் டவுன்லோட் மட்டும் போதும், அதுதான் மொபைல் டேட்டாவில் ஓரளவு நம்பக்கூடியது. இரவு டேட்டா பெக்கேஜ் வைத்திருப்பவர்கள் நள்ளிரவுக்குப் பின் ஆடினால் டேட்டாவும் மிச்சம், டவர் நெரிசலும் குறைவு. மாலை ஏழு முதல் பத்து வரை தோட்டம் முழுவதும் ஒரே டவரில் தொங்கும் நேரம். அப்போது தனியாக ஆடுங்கள்.

தூரம் பெரிய பிரச்சினை இல்லை. ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். தீவுக்குள் எங்கிருந்து எங்கே போனாலும் சில மில்லிசெக்கன்தான். இரண்டு வீடுகள் நேரடியாக இணைய முடியாதபோது ஸ்டீமின் ரிலே (இடையில் நிற்கும் சேர்வர்) வழியாகப் போகும். நமக்குப் பக்கத்திலிருப்பவை சென்னை, மும்பை, சிங்கப்பூர். பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் பிங் (செய்தி போய்த் திரும்ப எடுக்கும் மில்லிசெக்கன்) கூடுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஆட்டத்தைக் கெடுப்பது பிங்கின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம்தான். நிலையான 70, பத்துக்கும் 150க்கும் இடையே குதிக்கும் இணைப்பைவிட எவ்வளவோ மேல். 70க்குக் கை பழகிவிடும். குதிப்புக்கு எந்தக் கையும் பழகாது.

குதிப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் ப்ரொம்ப்ட்) திறந்து, முதலில் ரௌட்டரின் முகவரிக்கு நூறு தடவை பிங் அனுப்புங்கள். அங்கேயே எண்கள் குதித்தால் கோளாறு வீட்டு வைஃபையில். இணைய நிறுவனத்துக்கு அழைத்துப் பயனில்லை. ஒரு லேன் வயர் போட்டால் தீர்ந்தது. ரௌட்டர் வரை சீராக இருந்து வெளியே போகும்போது குதித்தால், கோளாறு லைனில் அல்லது டவரில். லய வீடுகளில் தகரக் கூரையும் தடித்த சுவரும் சிக்னலை நன்றாகவே விழுங்கும். 4ஜி ரௌட்டரை டவர் இருக்கும் திசை பார்த்த ஜன்னலில் வைத்து, கணினிக்கு நீள வயர் இழுப்பதே சரி. கணினி பக்கத்தில் ரௌட்டரை வைத்து வைஃபையில் ஆடுவது தலைகீழ் ஏற்பாடு.

கரண்ட் கட் இன்னொரு தலைவலி. லெப்டொப் பெட்டரியில் நிற்கும், ரௌட்டர் போய்விடும். பெரும்பாலான ரௌட்டர்கள் 12 வோல்ட். கடையில் கிடைக்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்று வைத்தால் ஆட்டம் அறுபடாது. அடாப்டரில் எழுதியிருக்கும் அம்பியரையும் பிளக்கின் அளவையும் பார்த்து வாங்குங்கள். அம்பியர் குறைந்தால் ரௌட்டர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும், பழி லைன் மேல் விழும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை தொடங்கினால் யூபிஎஸ்ஸை நம்பி ஆடிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லா வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஒரே வீட்டில் இருவர் ஒரே கீபோர்ட்டில் மோதுவதாக இருந்தால் ஒரு கொன்ட்ரோலராவது வாங்கிவிடுங்கள். மலிவுக் கீபோர்ட்கள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு விசைகளை அமுக்கினால் ஒன்றை விழுங்கிவிடும். நகர்ந்தேன், நகரவில்லை என்ற சண்டையில் பாதி இதனால் வருவதுதான். நுவரெலியாவின் ஜனவரி இரவில் விரல் விறைக்கும்போதும் கொன்ட்ரோலரின் அம்புப் பொத்தான் கையோடு நன்றாக வரும். அனலொக் குச்சி வேண்டாம். கட்டம் கட்டமாக நகரும் கேமில் அது ஒரு கட்டம் கூடுதலாகத் தாவும்.

இனி டெக்கை இணைப்புக்கு ஏற்பக் கட்டுவது. ஹோஸ்ட் எந்தக் கார்டையும் வைக்கலாம். விருந்தாளி, எதிராளி ஒரு கட்டத்துக்கு வந்த அதே நொடியில் அடிக்க வேண்டிய கார்ட்களை விட்டுவிட வேண்டும். முன்னால் பாய்ந்து வெட்டும் கார்ட்கள் திரையில் சரியாகத் தெரியும், ஆனால் வெட்டு போய்ச் சேரும்போது எதிராளி நகர்ந்திருப்பார். ரேவாவின் கேடயமும் தாமதத்தில் பிந்தும். அதற்குப் பதில் வரிசை முழுவதையும் அடிக்கும் கார்ட்கள், கட்டத்தில் நின்று நேரம் எடுத்து வேலைசெய்பவை, விழுந்த பிறகு தானாகக் கரைக்கும் நஞ்சு, ஹேசலின் கட்டமைப்புகள் ஆகியவை ஆறு ஃப்ரேம் தாமதத்தைப் பொருட்படுத்தாதவை. கேடயத்தை அடி வருவதைப் பார்த்துப் போடாமல், முன்கூட்டியே போட்டுவையுங்கள். இந்த மாற்றத்தை மட்டும் செய்தாலே விருந்தாளியின் தோல்வி கணிசமாகக் குறையும்.

முழுக்க ஒன்லைன் மோதலே வேண்டும் என்பவர்களுக்கு அதே உருவாக்குநரின் ‘டூயலிஸ்ட்ஸ் ஒஃப் ஈடன்’ இருக்கிறது. அது ஒருவரோடு ஒருவர் மோதுவதற்கென்றே செய்தது, ரோல்பெக் முறையில் ஓடுவது. டோனி கெனன் 2006இல் ஜிஜிபிஓ என்ற பெயரில் கொண்டுவந்த முறை அது. எதிராளியின் அடுத்த அமுக்கலை உங்கள் கணினியே ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். உண்மையான தகவல் வந்து ஊகம் பிழை என்று தெரிந்தால், சில ஃப்ரேம் பின்னோக்கிப் போய்த் திருத்திக்கொண்டு முன்னே வரும். உங்கள் சொந்த அமுக்கலுக்குத் தாமதமே தெரியாது. போவது பொத்தான் தகவல் மட்டும் என்பதால் டேட்டாவும் மிகக் குறைவு. மலையக இணைப்புகளுக்கு இதுதான் பொருத்தம். இதிலும் பெக்கெட்கள் (தகவல் துண்டுகள்) தவறினால் எதிராளி ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தெரிவார். அப்போது மேலே சொன்ன பிங் சோதனைதான் மருந்து.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. வன் ஸ்டெப் ஃப்ரம் ஈடனின் திரை நெரிசலானது. வெடிப்பு, தீப்பொறி, எண்கள் எல்லாம் சேர்ந்து எச்சரிக்கைக் கட்டத்தை மறைக்கும் தருணங்கள் வரும். அப்படி விழும் அடியில் உங்கள் பிழை எதுவும் இல்லை. பழக்குவதற்கான பகுதி மிகச் சின்னது. முதல் பத்துப் பதினைந்து ஆட்டங்களில் சீக்கிரமே செத்துப்போவது சாதாரணம். தமிழ் இல்லை, கார்டில் இருக்கும் ஆங்கில எழுத்தும் சிறியது. பொஸ்ஸை வென்றபின் கொல்வதா மன்னிப்பதா என்ற தெரிவு முடிவையே மாற்றுவதால், அந்த இடத்தில் மட்டும் அவசரப்படாமல் வாசித்து அமுக்குங்கள்.

ஸ்டீமில் இலங்கைக் கணக்குக்கு விலை டொலரில்தான் காட்டும். வங்கி அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் காரணம் சொல்லாமலே நிராகரிக்கும். ஸ்டீமில் அடிக்கடி தள்ளுபடி வரும், காத்திருந்து வாங்குவதில் தவறில்லை. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணித்தியாலத்துக்குள் இருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணித்தியாலத்தைத் தனியாட்டத்தில் கரைக்காமல், நீங்கள் வழக்கமாக ஆடப்போகும் நேரத்திலேயே கூட்டாளியோடு ரிமோட் ப்ளேயில் சோதித்துவிடுங்கள்.