பெயர் பார்க்கக் கொடுத்த தோலுறையில் புதுப் பெயர் குத்தித் தந்தார்கள்

பழைய தோல் சாமான் ஏதும் வீட்டில் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து ஆட்கள் இதை ஒருக்கா வாசியுங்கள்.

அம்மப்பா வெள்ளைக்காரன் காலத்துப் பொலிஸ். அவருடைய றிவோல்வர் தோலுறை மட்டும்தான் எங்களிடம் மிஞ்சியது. சண்டைக் காலத்தில் வெறும் உறை அகப்பட்டாலே என்ன பதில் சொல்வது என்று அம்மம்மா அதை நெல்லுக்குள் புதைத்து வைத்திருந்தாவாம். 1995 இடப்பெயர்வில் நெல் போயிற்று, உறை எங்களோடு வந்தது.

பின்பக்கம், இடுப்புப்பட்டி நுழையும் வாருக்குக் கீழே ஒரு மங்கிய முத்திரை. வோல்சால் என்ற ஊர்ப் பெயரும் ஒரு அம்புக்குறியும் தெரிந்தன. அம்பு பிரித்தானிய அரச உடைமைக் குறி. வோல்சால் இங்கிலாந்தில் சேணம் தைப்பதற்குப் பேர்போன ஊர். அந்த ஊர் உதைபந்தாட்ட அணிக்கே சேணக்காரர் என்றுதான் பட்டப்பெயர். ஆனால் அங்கே பட்டறைகள் ஏராளம், ஊர் தெரிந்து என்ன பயன்? செய்தவரின் பெயர் இருந்த வரிதான் வாசிபடவில்லை.

யாழ் நகரில் பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். "விட்டிட்டுப் போம் தம்பி, ரெண்டு கிழமையில ஆர் செய்ததெண்டு எழுதித் தாறன்" என்றார். 18,000 ரூபா, பாதி முற்பணம். பற்றுச்சீட்டுக்கூட வாங்காமல் வந்தது என் விசர்.

திரும்பி வந்தபோது எங்களுடையதென்றே நம்ப முடியவில்லை. தேங்காய் எண்ணெய் ஊறித் தோல் கறுத்துத் தொளதொளத்துப் போயிருந்தது. பித்தளைக் குமிழின் அடியில் இருந்த பச்சைக் களிம்பைக் காணோம். பின்னுக்கு லண்டன் கம்பனி ஒன்றின் பெயரும் 1915 என்ற ஆண்டும், கல்வெட்டு மாதிரி. கூடவே ஒரு உறுதிக் கடிதம்.

வழக்கமாகத் தோல் ஈரப்பதமாக இருக்கும்போது, தைப்பதற்கு முன்தான் முத்திரை குத்துவார்கள். காலம் போக விளிம்பு மழுங்கி, பள்ளத்துக்குள்ளும் அதே நிறமும் அழுக்கும் படிந்துவிடும். இதிலோ எழுத்தின் ஓரம் வெடித்து உள்ளே வெளிறிய நார் தெரிந்தது. கடைசி 5 தையலின் மேலேயே ஏறி நூலை அறுத்திருந்தது.

நல்ல காலம், கொடுக்கும் முன் போனில் படம் எடுத்திருந்தேன். காட்டினேன். அண்ணை அசையவில்லை. "மங்கிக் கிடந்ததைத் துலக்கித் தந்தனான். பேர் வடிவாத் தெரிஞ்சால்தானே கனடாக்காரன் விலை தருவான்?" விற்கிறேன் என்று நான் சொல்லவேயில்லை!

முத்திரை வாசிக்க வேண்டுமென்றால் இருட்டறையில் டோர்ச்சைத் தோலோடு சரித்துப் பிடியுங்கள், நிழலில் எழுத்து எழும்பும். எண்ணெய், பொலிஷ் ஒன்றும் பூச வேண்டாம். தோல் உப்பிப்போனால் மங்கிய எழுத்து அதோடு சரி. பொருளை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். முதலில் படத்தைக் காட்டுங்கள், விஷயம் தெரிந்தவர் அதிலேயே பாதி சொல்லிவிடுவார்.

இப்போது டோர்ச் பிடித்தால் லண்டனுக்கு அடியில் வோல்சாலின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் தெரிகிறது. நேற்றும் அவர் போன் எடுத்தவர். மிச்சம் 9,000 எப்ப தருவீராம்.