பாயிண்ட்ஸ்: கேஷ்பேக்காக எடுப்பதா, மைல்ஸாக மாற்றுவதா?

வேளச்சேரியில் இருக்கும் என் தங்கை கிரெடிட் கார்டில் 50,000 பாயிண்ட்ஸ் சேர்த்து வைத்திருக்கிறாள். சிங்கப்பூருக்கு பிசினஸ் கிளாஸில் போக ஆசை. "அண்ணா, பேசாமல் காசாக எடுத்துடவா?" என்று கேட்டாள்.

மதிப்பு
கேஷ்பேக்: அவள் கார்டில் பாயிண்டுக்கு 25 காசு. ஆக 12,500 ரூபாய்.
மைல்ஸ் (விமான நிறுவனத்தின் பாயிண்ட்ஸ், காசுக்குப் பதில் இதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம்): அவள் கார்டில் இரண்டு பாயிண்டுக்கு ஒரு மைல், 25,000 மைல் வரும். இதை எகானமிக்குச் செலவழித்தால் பெரிய லாபமில்லை. பிசினஸ் கிளாஸில் ரூபாய் விலை ஏறுகிற வேகத்துக்கு மைல் கணக்கு பெரும்பாலும் ஏறாது, லாபம் அங்கேதான். வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும் கைக்காசு.

சிரமம்
கேஷ்பேக்: ஆப்பில் இரண்டு தட்டு.
மைல்ஸ்: முதலில் மைல்ஸுக்குக் கொடுக்கிற சீட் இருக்கிறதா என்று பார்க்கணும், அப்புறம்தான் மாற்றணும். மாற்றியது பொதுவாகத் திரும்ப வராது. நான் ஒருமுறை அவசரப்பட்டு மாற்றிவிட்டு, பொங்கல் லீவில் ஒரு சீட்கூடக் கிடைக்காமல் முழித்தேன்.

ஆயுள்
கேஷ்பேக்: கணக்கில் ஏறினால் கவலை விட்டது.
மைல்ஸ்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்ஸ் 3 வருடத்தில் காலாவதி.

பயணத் தேதியை முன்னே பின்னே நகர்த்த முடிகிற ஒருவர், இருவருக்கு மைல்ஸ். பள்ளி லீவில் குடும்பத்தோடு நாலு பேராகக் கிளம்புகிறவர்களுக்கு கேஷ்பேக்தான் சரி. கார்டு பாக்கிக்கு மாதாமாதம் வட்டி கட்டுகிறவர் கேஷ்பேக்கை எடுத்துக் கடனில் போடட்டும்.

தங்கைக்கு ஆகஸ்டில் லீவு கிடைக்கும். சீட் தேட ஆரம்பித்துவிட்டாள்.