லீற்றரும் சதமும்: அக்செஸில் தசம எண்ணுக்கு எந்த வகை நல்லது?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தின் கணக்கை அக்செஸில் (மைக்ரோசொஃப்டின் தரவுத்தள மென்பொருள்) போட்டுக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்துக் காசு கொடுக்கும் நாளில்தான் தெரிந்தது, 3.4 லீற்றர் ஊற்றியவருக்கு 3, 3.7 ஊற்றியவருக்கு 4 என்று பதிவாகியிருந்தது. 'நம்பர்' என்று புலத்தை (அட்டவணையின் ஒரு நிரலை) வைத்தால் அக்செஸ் தானாகவே லோங் இன்டிஜர் என்ற முழு எண் வகையை எடுத்துக்கொள்ளும், அதற்குள் தசமம் நிற்காது. தசம தானத்தை 2 ஆக மாற்றினால் 3.00, 4.00 என்று காட்டும், அவ்வளவுதான். அந்த அமைப்பு காட்டுவதற்கு மட்டும், சேமிப்பதைத் தீர்மானிப்பது ஃபீல்ட் சைஸ், அதாவது எந்த எண் வகை என்று தெரிவு செய்யும் இடம்.

சரி, எதை எடுப்பது? சிங்கிள் 7 இலக்கம் வரைதான் நம்பலாம், விட்டுவிடுங்கள். டபுள் 15 இலக்கம் தாங்கும், ஆனால் இரண்டின் அடியில் எழுதுவதால் 0.1 கூட அதில் சரியாக நிற்காது. முற்பணம் கழித்து மிச்சம் 0.00 என்று திரையில் நிற்கும், உள்ளே மிகச் சிறிய எச்சம் கிடக்கும், 'மிச்சம் பூச்சியமானவர்கள்' என்று தேடினால் அந்த ஆள் வரமாட்டார். மழை, வெப்பநிலை மாதிரி அளவீடுகளுக்கு டபுள் போதும், காசுக்கு வேண்டாம்.

டெசிமல் துல்லியமானது, 28 இலக்கம் வரை போகும். ஆனால் ஸ்கேல் (எத்தனை தசம தானம் சேமிப்பது என்பது) ஆரம்பத்தில் 0, அதை மாற்ற மறந்தால் பழைய பிழைதான். அக்செஸுக்குள் நிரல் எழுதும் மொழியான விபிஏயில் டெசிமல் என்று மாறியை அறிவிக்கவும் முடியாது, எந்த வகையும் ஏற்கும் வேரியன்டுக்குள்தான் வைக்க வேண்டும்.

என் தெரிவு கரன்சி, லீற்றருக்கும் அதுதான். பெயரைப் பார்த்துக் காசுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், நான்கு தசம தானம் பிசகாமல் நிற்கும். சில கொம்பியூட்டரில் டொலர் குறி வரும், ஃபோர்மட்டை ஸ்டான்டர்ட் ஆக்கினால் போய்விடும்.

கரன்சியிலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கணக்குக்கு லீற்றர் 152.35 ரூபா என்று வையுங்கள், 3.75 லீற்றருக்கு 571.3125. சீட்டில் 571.31 என்று வரும். ஏழு நாளும் அதே அளவு ஊற்றினால் அக்செஸ் கூட்டுவது 3999.19, சீட்டைப் பார்த்துப் பேனையால் கூட்டினால் 3999.17. இரண்டு சதம்தான், ஆனால் விடிய எழும்பிப் பால் கறந்து கொண்டுவருபவருக்கு முன்னால் இரண்டு கணக்கு வைத்திருக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு தானத்துக்கு மட்டந்தட்டிய பிறகே சேமியுங்கள். மட்டந்தட்டும் ரவுண்ட் என்ற கட்டளை 0.125ஐ 0.12 ஆக்கும், ஃபோர்மட் அதையே 0.13 என்று காட்டும், சரிபாதி வரும்போது ரவுண்ட் இரட்டை எண் பக்கம் போகும். நான் 100 ஆல் பெருக்கி, 0.5 கூட்டி, இன்ட் போட்டு (தசமத்தை வெட்டி), 100 ஆல் வகுக்கிறேன்.

அக்செஸ் வாங்க வசதியில்லை என்றால் இலவசத் தரவுத்தள மென்பொருளான லிப்ரேஆபிஸ் பேஸில் டெசிமல் புலம் இருக்கிறது, தசம தானத்தை மறக்காமல் கொடுங்கள். இன்னொரு இலவசத் தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் உண்மையான டெசிமல் கிடையாது, அப்படி எழுதினால் பிழை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் உள்ளே டபுளாகத்தான் வைக்கும். அங்கே சதமாகவும் மில்லிலீற்றராகவும் முழு எண்ணில் வையுங்கள்.

லோங் இன்டிஜரில் ஏற்கனவே ஏற்றியிருந்தால் வகையை மாற்றுவதால் போன தசமம் திரும்பாது. நாங்கள் நிலையத்துக் கொப்பியை எடுத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் ஏற்றி, அந்தக் கிழமை முழுவதையும் மறுபடி பதிந்தோம்.