எதிர்ச்சரிவில் கேமரா: ரேடியோவா, ஃபைபரா?

குன்னூர், கோத்தகிரி பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றுதான். இணையம் வீட்டில் இருக்கிறது. கேமரா வேண்டியதோ அரைக் கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலைக் கொட்டகையில். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரிவுக்குச் சரிவு நேராகக் கண்ணுக்குத் தெரிந்தால், இரு முனையிலும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடிதான் சரி.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தள்ளலாம். கேட்-6 நெட்வொர்க் கேபிள் 100 மீட்டரோடு சரி. வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரில் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும், நடுக்காட்டில் அதற்கும் கரண்ட் வேண்டும். சிம் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் விடாமல் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21 ஜி.பி. தின்னும். மெமரி கார்டில் பதிந்துகொண்டு, ஆள் நடமாடும்போது மட்டும் படம் அனுப்பும் வாசல் கேமராவுக்கு சிம் போதும்.

மிஞ்சுவது ஃபைபரும் ரேடியோவும். ஃபைபரில் வேகத்துக்குக் குறையில்லை, மரமும் மழையும் அதைத் தொடாது. ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறும் குழியைக் காட்டுப்பன்றி கிளறும், மறுநடவில் மண்வெட்டி வெட்டும், மண்சரிவு இழுத்துக்கொண்டு போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அறுந்த ஃபைபரை ஒட்ட ஸ்ப்ளைசிங் மிஷினும் ஆளும் வர வேண்டும். ரேடியோ கெட்டால் வேறொன்றை மாட்டித் திசை திருப்பினால் வேலை முடிந்தது. கொட்டகைக்குக் கரண்ட் மட்டும் இரண்டு வழியிலும் தனியாக வேண்டும்.

ரேடியோவுக்கு நாலு கேமராவின் சுமை பெரிதில்லை. எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் 4 மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு 3 முதல் 4 மெகாபிட் என்று வைத்தால், 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலே தாராளம். அகலத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். 5725 முதல் 5875 வரையிலான மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வையுங்கள், உரிமம் வேண்டாம். ரேடியோ காட்டும் சிக்னல் எண் (டிபிஎம்; பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர வலு) மைனஸ் 50-க்கும் மைனஸ் 65-க்கும் இடையில் நிற்கட்டும். பனிமூட்டம் இந்த அலையை ஒன்றும் செய்யாது. (இரவில் மூட்டம் வந்தால் படம் வெள்ளையாகப் போவது வேறு கதை. கேமராவின் சொந்த இன்ஃப்ராரெட் விளக்கு பனியில் பட்டுத் திரும்புகிறது. விளக்கை இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தனியாக மாட்டினால் குறையும்.)

தீர்மானிப்பது மரம், அதிலும் நனைந்த மரம். பார்வைக் கோடு கயிறு மாதிரி மெலிந்தது இல்லை, நடுவில் பருத்தது. 500 மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் சுற்றிலும் சுமார் 2.5 மீட்டர் விரியும். அதில் 1.5 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். பிப்ரவரி வெயிலில் பூட்டும்போது சில்வர் ஓக் கிளை ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும் மைனஸ் 62 காட்டும், கேமரா ஓடும். ஆடி மழையில் அதே இலை தண்ணீர் சுமந்ததும் சிக்னல் சரிந்து படம் உறையும். மரமும் நிற்பதில்லை, இளமரம் வருடத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல்கூட ஏறும். அதனால் இன்றைய உச்சிக்கு மேல் 3 மீட்டர் விட்டுக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள். மரத்தில் கைவைப்பதானால் முதலில் வனத்துறையில் கேளுங்கள், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே இருக்கிறது. கம்பத்தை உயர்த்துவதே பெரும்பாலும் சுலபம்.

பூட்டிய அன்றைய சிக்னல் எண்ணைப் பெட்டி மூடியின் உட்புறம் பெயின்ட் மார்க்கரில் எழுதிவையுங்கள். மழை நாளில் 8, 10 குறைந்து, இலை காய்ந்ததும் பழைய எண்ணுக்குத் திரும்பினால் மரம்தான். சிக்னல் அப்படியே இருக்க, ஈதர்நெட் வேகம் 100-இலிருந்து 10-க்கு இறங்கினால் கேபிள் முனையில் தண்ணீர்: செம்பு பச்சை பூத்திருக்கும், வெட்டிப் புது முனை அடியுங்கள். ரேடியோவுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையமாக விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ரேடியோவின் உண்மையான பலவீனம் இடி. சித்திரை, ஐப்பசி மாதங்களில் கம்பத்திலிருந்து இறங்கும் கேபிள் வழியாகத் திடீர் மின்பாய்ச்சல் (சர்ஜ்), கேமராக்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் வரை போய் எல்லாவற்றையும் எரிக்கும். உள்ளே உலோக உறையுள்ள கேட்-6, கம்பத்துக்குத் தனி எர்த், கேபிள் கட்டிடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர், இம்மூன்றில் எதையும் விடாதீர்கள். கம்பத்தின் எர்த்தைக் கட்டிடத்தின் எர்த்தோடு இணையுங்கள். இணைக்காவிட்டால் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வித்தியாசமே கருவியைச் சாப்பிடும். இன்னொன்று: பல ரேடியோக்கள் 24 வோல்ட், கேமரா ஸ்விட்ச் 48 வோல்ட். அடாப்டரை மாற்றிச் செருகிவிடாமல் இரண்டுக்கும் வேறு நிற டேப் ஒட்டுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் மிளகுக் கொடி ஏறிய நிழல் மரங்களுக்குள் பார்வைக் கோடு கிடைப்பது அரிது. அங்கேயும், ஒரே சரிவில் சாலையோரமாகவே குழாய் போக வழியிருக்கும் இடத்திலும் ஃபைபர் போடுங்கள். நாலு கோர் (இழை) உள்ளதாக வாங்கி இரண்டைச் சும்மா விடுங்கள், இரு முனையிலும் பத்து மீட்டர் சுருட்டி வையுங்கள். உலோகக் கவசம் இல்லாத கேபிள்தானா என்று வாங்கும்போதே உறையைக் கீறிப் பாருங்கள். கவசம் இருந்தால் இடிக்குப் பயந்து ஃபைபருக்கு வந்த பயனே போய்விடும்.