அம்மாவின் 31ஆம் நாளுக்கு மண்டூர் போய் வந்தேன்

அம்மா போன செய்தி சுவிஸில் எங்களுக்கு விடியப்புறம் வந்தது. 2023ஆம் ஆண்டு, 92 வயது. செத்தவீட்டை நான் போன் திரையில்தான் பார்த்தேன். லீவும் விமானச் சீட்டும் ஒத்துவர மூன்று கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. 31ஆம் நாள் படைக்கிற அமுதுக்காவது எங்கள் முற்றத்தில் நிற்க வேண்டும் என்று மகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். இதே மாதிரி ஒரு காரியத்துக்காக ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் போன வழியையும் பார்த்த அலுவல்களையும் எழுதத் தொடங்கினேன். எதை எழுதினாலும் அம்மாவில்தான் வந்து முடிகிறது.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை உதயதேவி ரயிலில் ஏறினோம். சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், கிழமைக் கடைசியில் இடம் கிடைக்காது. வெலிக்கந்தை தாண்டியதும் மகள் யன்னலை விட்டு நகரவில்லை. மட்டக்களப்பில் இறங்கி, கல்முனை பஸ் பிடித்து, கல்லடிப் பாலம் கடந்து களுவாஞ்சிக்குடிக்கு வந்தோம். அங்கிருந்து ஓட்டோவில் குருமண்வெளித் துறை.

மண்டூர் மட்டக்களப்பு வாவியின் அக்கரையில் இருக்கிறது. துறையில் பாதைக்கு நின்றோம். பாதை என்றால் வெளியூர் ஆட்கள் றோட்டை நினைப்பார்கள். எங்களுக்கு அது வாவியைக் கடக்கிற மிதவை. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உரப்பை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒரே இரும்புத் தட்டில். எனக்குப் பக்கத்தில் ஒரு வயசாளி அம்மா, பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா. அதைக் கண்டதும் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் அம்மாவும் மாதாமாதம் இப்படித்தான் வாவி கடந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போய் வந்தா. வீட்டுக்குப் போய் நான் முதலில் கேட்டதே அந்தக் கொப்பியைத்தான். பிரஷர், சீனி, மருந்தின் அளவு என்று பக்கம் பக்கமாக வைத்தியர்களின் எழுத்து. ஓரங்கள் மஞ்சள் பிடித்துப்போய், நடுத்தையல் விட்டு, தங்கச்சி அதைக் கறுப்பு நூலால் திரும்பத் தைத்து வைத்திருந்தாள். இத்தனை வருடப் பார்வைக்கும் மருந்துக்கும் ஒரு சதம் வாங்காத வைத்தியசாலை அது. அங்கு வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு மகளாக என் நன்றி.

அமுதுக்கு முன் கிடைத்த நாட்களில் பத்திர அலுவல்களைப் பார்த்தோம். வீட்டில் நடந்த மரணம் என்பதால் கிராம சேவகரின் அறிக்கையைக் கொண்டுபோய்த் தங்கச்சி ஏற்கெனவே பதிவாளரிடம் பதிந்திருந்தாள். மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதிகளுக்கு வெல்லாவெளிப் பிரதேச செயலகத்துக்குப் போனோம். காலையில் விண்ணப்பம் கொடுத்தோம், மத்தியானத்துக்குள் கையில் தந்துவிட்டார்கள். கூடுதலாகவே பிரதி எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் காட்டுவதானால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தவும் வேண்டும். அதற்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.

சிக்கல் அம்மாவின் பெயரில் வந்தது. பிறப்புப் பத்திரத்திலும் காணி உறுதியிலும் அம்மாவின் பெயர் 'பிள்ளை' என்று முடிகிறது. எங்கள் பக்கத்துப் பழைய மனிசிமார் பலருக்கும் அப்படித்தான். அடையாள அட்டை எடுக்கும்போது யாரோ அந்தப் பிள்ளையை விட்டுவிட்டார்கள். மரணப் பத்திரமும் அட்டையைப் பார்த்தே எழுதப்பட்டது. அம்மாவின் சிறு சேமிப்புப் புத்தகத்தோடு ஒரு வங்கிக்குப் போனால், இரண்டும் ஒரே ஆள் என்று காட்டுங்கள் என்றார்கள். கேட்டது நியாயம். ஆனால் என்ன பத்திரம் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். மூன்று முறை பாதை ஏறி இறங்கின பிறகுதான் சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) போதும் என்றார்கள். 92 வருடம் ஒரே வளவில் சீவித்த மனிசியை ஆளை அடையாளம் காட்டு என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்து கேட்கும்போது நெஞ்சு வலித்தது. அதைச் சொல்லாமல் விட ஏலாது.

சத்தியக் கடதாசிக்கு ஊரிலேயே ஒரு சமாதான நீதவானிடம் போனோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், எண்பது தாண்டியிருக்கும். பத்திரங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளையக்காட அலுவலா? அவவுக்கு என்னத்துக்கு மனே அத்தாட்சி?" என்றார். ஊரில் அம்மாவை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை. மூத்தவர்களுக்குப் பிள்ளை, இளையவர்களுக்குப் பிள்ளையக்கா. அட்டையில் விடுபட்ட அந்தச் சொல்தான் ஊரில் அம்மாவின் பெயர்.

அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் பழைய கதை சொன்னார். அம்மா பிறந்தது 1931, ஆவணி. மண்டூர் முருகனுக்குத் திருவிழா நடக்கிற மாதம். சின்னக் கதிர்காமம் என்று சொல்லப்படும் கோயில். பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிற அந்த வாசலில்தான் அம்மாவின் சிறுவயது கழிந்தது. 1957 வெள்ளத்தில் மாடுகளை மேட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போன ஆட்களில் அம்மாவும் ஒருத்தியாம். இதை அம்மா எங்களுக்குச் சொன்னதே இல்லை. நான் முதல் தடவையாக அந்த மேசையில் கேட்டேன்.

1978 நவம்பர் 23 எனக்கே நினைவிருக்கிறது. எனக்கு எட்டு வயது. சூறாவளி கூரையைக் கொண்டுபோன இரவில் நெல் மூடை அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே அம்மா எங்களைத் தள்ளி, தன் முதுகை வாசல் பக்கம் கொடுத்துக்கொண்டு இருந்தா. விடிய எழும்பிப் பார்த்தால் வளவில் ஒரு தென்னைக்கும் தலை இல்லை. "உசிர் இரிக்கி, மறுகா என்ன" என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு ஈரமில்லாத விறகு தேடப் போனா. அப்பா காலமான பிறகு வயலையும் அம்மாதான் பார்த்தா. நெல் சூடடிக்கிற களவெட்டிக்குள் பெண்கள் இறங்காத காலம். வாடிப் பக்கத்தில் நின்று எத்தனை அவணம் நெல் என்று விரலில் எண்ணுவா, ஒரு போகமும் கணக்குப் பிழைத்ததில்லை. வீட்டைப் பெண்பிள்ளைக்குக் கொடுக்கிற எங்கள் வழக்கப்படி, மூத்தவளான எனக்கு வீட்டை எழுதிவிட்டு அதே வளவில் ஒரு சின்னக் குசினியோடு ஒதுங்கிக்கொண்டா. நான் அந்த வீட்டை விட்டு 1990இல் போனவள். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைக் கூட்டிக் கழுவி விளக்கேற்றியிருக்கிறா.

அமுதுக்கு நாங்கள் காசு கொடுத்து ஆள் பிடிக்கவில்லை. மாதச் சந்தா கட்டுகிறவர்களின் செத்தவீட்டுக்குக் கைகொடுக்கிற ஊர் மரணாதார சங்கம் பந்தல், கதிரை, கிடாரம், தேத்தண்ணிப் பாத்திரம் எல்லாம் கொண்டுவந்து இறக்கியது. மச்சான்மாரும் மருமக்களும் விடிய நாலு மணிக்கே தேங்காய் துருவத் தொடங்கிவிட்டார்கள். அம்மா விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் படைத்தோம்: பிட்டு, எருமைத் தயிர், வாழைப்பழம், முருங்கையிலைச் சுண்டல். தயிர்ச் சட்டியின் வாயில் கட்டியிருந்த தாளை மகள்தான் அவிழ்த்தாள். ஆடை உடையாமல் ஒரு கரண்டி எடுத்து இலையின் ஓரத்தில் வைக்க வேண்டும் என்று தங்கச்சி அவள் கையைப் பிடித்துக் காட்டினாள். "பெத்தாவுக்குச் சீனி போடவா?" என்று மகள் கேட்டாள். கிளினிக் கொப்பி தைத்த தங்கச்சி ஒரு கணம் நின்றாள். பிறகு, "இண்டைக்குப் போடு மகள், நல்லாப் போடு" என்றாள். அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் அழுதுவிட்டோம்.

திரும்புவதற்கு முதல் நாள் சங்கத்துச் செயலாளரிடம் கணக்கு முடிக்கப் போனேன். மாதச் சந்தாக் கொப்பியைத் திறந்து அம்மாவின் பக்கத்தைக் காட்டினார். முழுப்பெயர் இல்லை. 'பிள்ளையக்கா, கோயிலடி' என்று மட்டும். கீழே மாதம் தவறாத கட்டங்கள். கடைசியாகக் கட்டியது போன மாதம்.

அதன் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டு, "மறுகா ஆர்ட பேரப் போடுற?" என்றார். என் பெயரைச் சொன்னேன். எழுதிவிட்டு, பக்கத்தில் 'பிள்ளையக்காட மூத்தவ' என்றும் சேர்த்தார். அடுத்த ஆவணி வரைக்கும் உள்ள சந்தாவைக் கட்டிவிட்டு பாதைக்கு நடந்தேன்.