முழு கொலாஜனா, உடைத்த கொலாஜனா?

தோலுக்கு உறுதி தரும் புரதம்தான் கொலாஜன். கிரீமில் பூசினால் அது தோலுக்கு உள்ளே போய்ச் சுருக்கத்தை நிமிர்த்தும் என்று நம்பித்தான் நானும் முதல் டப்பாவை வாங்கினேன். போகாது. ஒரு முழு மூலக்கூறின் எடை சுமார் 3,00,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). 500-ஐத் தாண்டினாலே தோலின் மேலடுக்கைக் கடப்பது கஷ்டம். அது மேலேயே மெல்லிய படலமாகக் காய்ந்து, தோலின் ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். காயும்போது கன்னம் லேசாக இழுக்குமே, விளம்பரம் சொல்லும் ‘இறுக்கம்’ அதுதான்.

ஹைட்ரோலைஸ்டு கொலாஜன் என்பது அதையே நொதியால் துண்டு துண்டாக வெட்டியது. பெரும்பாலும் சில ஆயிரம் டால்டன்தான். தண்ணீரில் சட்டென்று கரையும், ஈரத்தைப் பிடித்து வைக்கும்; படலம் மட்டும் அவ்வளவு கெட்டியாக இருக்காது. முகத்தில் பூசும் நீர்த்த சீரத்துக்கு இதுவே தோது.

வறண்ட தோலென்றால் இரவில் முதலாவது. எண்ணெய் வழியும் முகத்துக்கு இரண்டாவதே போதும். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். இரண்டையுமே மீன் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள்.